ஜீவனாம்சமும் பிள்ளையைப் பார்ப்பதும்: வக்கீல் அக்காவிடம் கேட்டவை

பாலக்கோட்டிலிருந்து ஒரு தாய்: அக்கா, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் தீர்த்துக்கொண்டோம். பையன் மேல் அவருக்கு உரிமை இல்லை, நானும் செலவு கேட்கக் கூடாது என்று 20 ரூபாய் பத்திரத்தில் எழுதினோம். இப்போது பள்ளிக் கட்டணம் கேட்டால் பத்திரத்தைக் காட்டுகிறார்.

காட்டட்டும். ஜீவனாம்சம் பையனுடைய உரிமை, அதை விட்டுக்கொடுக்க உங்களுக்கே அதிகாரம் இல்லை. அப்பா என்கிற பொறுப்பைப் பத்திரத்தில் எழுதிக் கழித்துவிட முடியாது. (அந்தப் பஞ்சாயத்துத் தீர்வு விவாகரத்தாகச் செல்லுமா என்பதே தனி வழக்கு, அதை இப்போது கிளற வேண்டாம்.) பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 144ஆம் பிரிவில் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே மனு போடலாம். இரண்டு பேரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தர வேண்டும். மனு போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்காகும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் தள்ளிப்போடாதீர்கள். இடைக்கால ஜீவனாம்சமும் சேர்த்துக் கேளுங்கள். இந்த இடைக்கால மனுவை 60 நாளில் முடிக்கச் சட்டம் சொல்கிறது, நடப்பில் இழுக்கும். வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்குப் பேசுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

ஓசூர் கம்பெனி ஊழியர்: மாதம் தவறாமல் கட்டுகிறேன். மகளைக் காட்ட மறுக்கிறார்கள். அரூரில் அம்மா வீட்டில் இருக்கிறாள். பணத்தை நிறுத்தினால் வழிக்கு வருவார்களா?

நிறுத்தாதீர்கள் தம்பி. பணம் வேறு, பார்ப்பது வேறு. நிலுவை வைத்தால் ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறை, உள்ளே போய் வந்தாலும் பாக்கி அப்படியே நிற்கும். அதே மாதிரி, நீங்கள் கட்டத் தவறினாலும் அவர்கள் பிள்ளையை ஒளித்து வைக்கக் கூடாது. 1890ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தில் மனு போடுங்கள். பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊர்தான் கணக்கு, அதனால் அரூர் இருக்கும் தருமபுரி மாவட்டத்தில்தான், ஓசூரில் இல்லை. 'பார்க்க அனுமதி' என்று மொட்டையாகக் கேட்காமல், இரண்டாம், நான்காம் ஞாயிறு, இத்தனை மணி, இந்த இடம், யார் கூட்டி வருவது என்று எழுதிக் கேளுங்கள். வீடியோ காலும் கேட்கலாம், 2020இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றிருக்கிறது.

பென்னாகரம் தங்கச்சி: அவர் பெங்களூரில் கட்டட வேலை, வருமானமே இல்லை என்கிறார்.

உடல் திடமாக இருந்தால் உழைத்தாவது கொடுக்க வேண்டும் என்று 2022இல் தீர்ப்பே இருக்கிறது. உத்தரவு வந்தபின் பாக்கி விழுந்தால் ஓராண்டுக்குள் மனு போட்டுவிடுங்கள். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

பர்கூர் வாசகி: மறுமணம் செய்துகொண்டேன். இவரையே பிள்ளைக்கு அப்பாவாக்க முடியுமா?

பெற்ற அப்பா சம்மதித்து இவர் முறைப்படி தத்தெடுத்தால் முடியும். ஆதாரில் பெயர் மாற்றினால் மட்டும் ஆகாது. தத்து முடிந்தால் பழைய அப்பாவிடம் செலவு கேட்க முடியாது, யோசித்துக்கொள்ளுங்கள். உங்கள் மறுமணத்தால் மட்டும் பிள்ளையின் ஜீவனாம்சம் நிற்காது.