காசோலையில் தொடங்கிய வேலை: மைக்ரோஃபிலிம் பற்றிக் கேட்டீர்கள்

கோடாக் என்றால் கல்யாண ஆல்பம்தானே, ஆவணங்களைச் சிறிதாக்கிப் படச்சுருளில் பதிந்து காக்கும் மைக்ரோஃபிலிமுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். தெரிந்தவரை சொல்கிறேன்.

செல்வி: கேமரா கம்பெனி ஏன் சார் இதில் இறங்கியது?

ஒரு வங்கிக்காரரால். அந்நாளில் அமெரிக்க வங்கிகள் பணம் கொடுத்து முடித்த காசோலையை வாடிக்கையாளரிடமே திருப்பிக் கொடுத்துவிடும். பிறகு அவர் வந்து "இந்தத் தொகைக்கு நான் எழுதவே இல்லை" என்றால் வங்கியிடம் காட்ட ஒன்றும் இருக்காது. நியூயார்க்கில் ஜார்ஜ் மெக்கார்த்தி என்ற அந்த வங்கிக்காரர் இதற்கென்றே ஒரு படக்கருவி செய்தார். காசோலை பட்டையில் ஓடும். அதன் பிம்பம் ஓடும் வேகத்துக்கே உள்ளே ஃபிலிமும் ஓடும். அதனால் எதையும் நிறுத்த வேண்டாம், எழுத்தும் கலங்காது. 1928இல் கோடாக் அதை வாங்கி ரெக்கார்டாக் என்ற துணை நிறுவனத்தைத் தொடங்கியது. 1935இல் நியூயார்க் டைம்ஸ் இதழ்களையும் ரெக்கார்டாக் படச்சுருளில் ஏற்ற ஆரம்பித்தது.

மதுரைக்காரன்: போர்க்காலக் கடிதங்களையும் இப்படி அனுப்பினார்களாமே?

ஆமாம், வி-மெயில். 1942இல் அமெரிக்கா தொடங்கியது. கடிதத்தை 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்து விமானத்தில் அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் சிறு தாளில் அச்சிட்டுக் கொடுப்பார்கள். 37 மூட்டைத் தபால் ஒரே மூட்டையில் அடங்கிற்று.

ரகு: சுருக்கி வைத்தது சரி. வேண்டியதை எப்படித் தேடி எடுத்தார்கள்?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். முதலில் படிக்கும் கருவியின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித்தான் தேடினார்கள். நானும் சுற்றியிருக்கிறேன். திரையில் பக்கங்கள் ஓடும் வேகத்தில் தலை கிறுகிறுக்கும், வேண்டிய தேதி தாண்டிப் போயிருக்கும். இதற்கு முதலில் வழி கண்டது கோடாக் அல்ல. ஜெர்மனியின் டிரெஸ்டனில் ட்சைஸ் ஐகான் என்ற கேமரா கம்பெனியில் இருந்த இமானுவேல் கோல்ட்பெர்க், பக்கத்தோடு ஒளிப்புள்ளிக் குறியீடும் பதித்து, அதை ஒளியை உணரும் ஒளிமின்கலத்தால் படிக்கும் இயந்திரத்துக்கு 1931இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். யூதர் என்பதால் 1933இல் ஜெர்மனியை விட்டே போக நேர்ந்தது. பெரும்பாலோர் அவரை மறந்துவிட்டது எனக்கு இன்றும் வருத்தம்தான். 1930களின் கடைசியில் வனேவர் புஷ் என்ற பொறியாளர் அமெரிக்காவில் இதே வழியில் ஒரு தேடு கருவி செய்ய முனைந்தபோது, பணம் கொடுத்தவர்களில் கோடாக்கும் ஒன்று. 1960களில் கோடாக்கே மிராகோட் என்ற தேடு கருவியைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாகக் குறியீடு. விசைப்பலகையில் எண்ணைத் தட்டினால் சுருள் ஓடி அந்தப் படத்தில் நிற்கும். ஆனால் எந்த ஆவணத்துக்கு என்ன குறியீடு என்பதை ஒரு மனிதர் படித்துப் பார்த்துத்தான் தர வேண்டும். அங்கே தப்பு நேர்ந்தால் அந்தப் பக்கம் கிடைத்த மாதிரிதான்.

கவிதா: எங்கள் நூலகத்தில் டப்பாவைத் திறந்தால் காடி வாடை அடிக்கிறதே?

அசிடேட் ஃபிலிம் சிதைகிறது, அசிட்டிக் அமில வாடை அது. மற்ற சுருள்களையும் கெடுக்கும். இன்றே தனியாக எடுத்து, குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். சுருங்கி நெளிவதற்குள் ஸ்கேன் செய்துவிடுங்கள். பாலியெஸ்டர் சுருளுக்கு இந்தத் தொல்லை வராது.