கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: குறையே இல்லாத ஊர் ஒன்று இருக்க முடியுமா ஐயா?
(வாசகர், உப்புவெளி)

பதில்: ஆங்கிலேய எழுத்தாளர் தோமஸ் மோர் 1516இல் லத்தீனில் எழுதிய நூலில் அப்படியொரு தீவைப் படைத்தார். பெயர் யூட்டோப்பியா. 54 நகரங்கள், நாளுக்கு ஆறு மணி நேர வேலை, தனிச்சொத்து கிடையாது. தங்கத்தில் மூத்திரச் சட்டி செய்வார்கள். மகளுக்கு நகை சேர்க்கிற தகப்பன்மாருக்கு இதுவே சொர்க்கம்! ஆனால் அதே தங்கத்தில் அடிமைகளுக்கு விலங்கும் செய்தார்கள். ஓம், அங்கேயும் அடிமைகள் உண்டு. மாடு அறுப்பது அவர்கள் வேலை. அடுத்த நகரத்துக்குப் போகவும் அனுமதிக் கடிதம் வேண்டும். சோதனைச் சாவடியில் பாஸ் காட்டி நின்ற எங்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

எங்கள் சங்கப் புலவர் பிசிராந்தையார் தீவொன்றும் கட்டவில்லை. வயது போயும் ஏன் நரைக்கவில்லை என்றதற்கு, புறநானூறு 191இல் தான் இருக்கிற ஊரையே காட்டுகிறார்: மனைவி மக்கள் நல்லவர்கள், வேந்தன் தீயது செய்யான், ஊரில் சான்றோர் பலர். எல்லாம் சரி. 'யான்கண் டனையர் என் இளையரும்' என்கிற இடத்தில்தான் எனக்கு இடறுகிறது. ஏவலாட்களும் இவர் நினைப்பதையே நினைக்கிறார்களாம். அவர்களுக்கு நரைத்ததா என்று ஒருவரும் கேட்கவில்லையே!

சோளகக் காலத்தில் கரைவலை இழுக்கிற இடத்துக்குப் போங்கள். வலையின் மடி கரைக்கு வந்ததும் சனம் மீனைத்தான் பார்க்கும். நீங்கள் கயிற்றுக் கடைசியில் நிற்கிற பெடியனின் உள்ளங்கையைப் பாருங்கள்: உப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்து, கயிறு உரசின இடம் மட்டும் சிவந்திருக்கும். பங்கு பிரித்தபிறகு, "தம்பி, காணுமா?" என்று அவனைக் கேளுங்கள். ஊர் எப்படி என்று வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாரிடம் கேட்டால் வேறு பதில்தான் வரும்.

கேள்வி: 'நான்' என்று ஒன்று உண்மையில் உண்டா?
(வாசகி, உவர்மலை)

பதில்: ஸ்கொட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் தனக்குள்ளே தேடிப் பார்த்து 1739இல் எழுதினார்: சூடு, குளிர், விருப்பு, வெறுப்பு எல்லாம் அகப்பட்டன, 'நான்' மட்டும் அகப்படவில்லை. பௌத்தர்கள் அவருக்கு வெகு முன்பே இதற்குக் கிட்டச் சொல்லிவிட்டார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு பிள்ளை. கோணேசர் கோயில் வரிசையில் யாராவது இடையில் புகுந்தால் உடனே தீர்ந்துவிடும்.

கேள்வி: நல்லாய் வாழப் பணம் வேண்டாமா?
(வாசகர், கிண்ணியா)

பதில்: வேண்டும். நற்குணத்தோடு கொஞ்சம் வசதியும் நண்பர்களும் வேண்டுமென்று அரிஸ்டாட்டிலே ஒப்புக்கொண்டார். எவ்வளவு என்றுதான் கணக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டம்மாவைக் கேட்டால் சதம் பிசகாமல் சொல்லுவா.