பையன் சிரிக்கிறான், சிகிச்சை எங்கே?

ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "மகனுக்கு 6 வயது, ஆட்டிசம். 4 மாதமாக இசை சிகிச்சைக்கு அழைத்துப் போகிறேன். ஒரு பாட்டுகூடச் சொல்லித் தரவில்லை. சிகிச்சையாளர் வேண்டுமென்றே தப்பாக வாசிக்கிறார், டிரம்மைத் தலையில் தொப்பி மாதிரி கவிழ்த்துக்கொள்கிறார், இவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். இதற்கா ஃபீஸ்?"

இதற்குத்தான் அம்மா. பாட்டு சொல்லித் தருவதற்குப் பாட்டு வகுப்பு இருக்கிறது.

அடுத்த முறை கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். அவனுக்குத் தெரிந்த பாட்டின் கடைசி அடி வரும்போது சிகிச்சையாளரின் கை கீபோர்டுக்கு மேல் அப்படியே நின்றுவிடும். பையன் கட்டையைப் பார்ப்பான், விரலைப் பார்ப்பான், ஒன்றும் நடக்கவில்லையே என்று கடைசியில் அவர் முகத்தைப் பார்ப்பான். அப்போதுதான் ஒரு கோணல் சுரம் விழும், சிரிப்பு வெடிக்கும். நீங்கள் சிரிப்பைப் பார்க்கிறீர்கள், நான் அதற்கு முந்தைய மூன்று நொடியைப் பார்ப்பேன். அடுத்து என்ன வர வேண்டும் என்று தெரிந்தவனுக்குத்தான் தப்பாக வந்தது வேடிக்கை. காத்திருந்தான், இன்னொருவர் முகத்தைத் தேடினான், இரண்டு பேருமாகச் சேர்ந்து சிரித்தார்கள். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குக் கடினமானது இதுதான், சிகிச்சையும் இதுதான். 1959-இல் இசையமைப்பாளர் பால் நார்டாஃப், சிறப்புக் கல்வி ஆசிரியர் கிளைவ் ராபின்ஸ் இருவரும் இப்படிக் குழந்தை போகும் போக்கிலேயே வாசிக்கும் முறையைத் தொடங்கினார்கள், இது நேற்று முளைத்ததல்ல.

சந்தேகம் தீரவில்லையா, "இந்த விளையாட்டு எதற்கு?" என்று நேராகவே கேளுங்கள். "முன்பு காத்திருக்கவே மாட்டான், இப்போது காத்திருக்கிறான், போன வாரம் அவனே குச்சியை ஒளித்துவைத்து என்னை ஏமாற்றினான்" என்ற மாதிரி பதில் வந்தால் நிம்மதியாக இருங்கள். "குழந்தைகளுக்குப் பிடிக்கும்" என்பதோடு முடித்துக்கொண்டால் யோசியுங்கள். இதையெல்லாம் முன்னேற்ற அறிக்கையில் தேடாதீர்கள். எத்தனை நிமிடம் உட்கார்ந்தான் என்று எழுதக் கட்டம் இருக்கும், தானாகக் குறும்பு செய்தானா என்பதற்கு இருக்காது. எத்தனை தடவை சொன்னாலும் படிவம் போடுகிறவர்களுக்கு இது ஏறுவதே இல்லை.

அப்புறம், "எங்கள் இசையைக் கேட்டால் ஆட்டிசம் போய்விடும், 20 அமர்வுக்கு இப்போதே கட்டுங்கள்" என்று வருகிறவர்களிடம் தயவுசெய்து ஏமாறாதீர்கள். 2017-இல் வெளிவந்த ஆய்வில் 9 நாடுகளில் 364 குழந்தைகளைப் பார்த்தார்கள். வழக்கமான கவனிப்போடு இசை சிகிச்சையையும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு, 5 மாதம் கழித்தும் ஆட்டிச அறிகுறிகள் மற்றவர்களைவிடச் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. ஒட்டுதல் வரலாம், சந்தோஷம் வரலாம். குணமாக்குகிறேன் என்பவன் வியாபாரி. சேர்த்துவிட்டால் கமிஷன் வாங்கும் ஆட்களும் உண்டு, யார் பரிந்துரைத்தார் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு சிரிப்பு வேறு ரகம். வேடிக்கையே இல்லாமல் திடீரென்று வரும், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி, சில நொடியில் நின்றுவிடும். கண் யாரையும் பார்க்காது, முகத்தில் சந்தோஷம் இருக்காது, கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான், சில சமயம் தூக்கத்திலேயே வரும். இது ஜெலாஸ்டிக் என்ற வலிப்பு வகையாக இருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் "நல்லாச் சிரிக்கிறானே" என்று வீட்டில் எல்லோரும் விட்டுவிடுவார்கள் என்பதால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். உங்கள் மகன் ஆளைப் பார்த்துச் சிரிக்கிறான், அது இதுவல்ல. எப்போதாவது அப்படித் தோன்றினால் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். கைப்பேசியில் ஒரு தடவை வீடியோ எடுத்துக்கொண்டு போனால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.