மார்ஃபின் என்றதும் குடும்ப டாக்டர் ஏன் தயங்குகிறார்?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. பெரிய மருத்துவமனையில், 'இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அனுப்பிவிட்டார்கள். 20 வருடமாக எங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர், டிரமடால் மாத்திரையும் வலி தாங்காத அன்றைக்கு டைக்ளோஃபினாக் ஊசியும் தருகிறார். ராத்திரி முழுக்க அப்பா முனகுகிறார். அபினிலிருந்து எடுக்கும் கடும் வலி நிவாரணியான மார்ஃபினைக் கேட்டால், 'அது கடைசி நேரத்துக்கு. இப்பவே கொடுத்தா மூச்சு அடங்கிடும், பழக்கமாயிடும்' என்கிறார். டாக்டரை மாற்றிவிடலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: மாற்ற வேண்டாம். கூப்பிட்டால் வீட்டுக்கு வருகிற, அப்பாவின் உடம்பையும் குடும்பத்தையும் அறிந்த டாக்டர் இந்த நேரத்தில் பெரிய பலம். அவர் பயத்துக்கும் காரணம் உண்டு. 1985-இன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு மார்ஃபின் கிடைப்பதே அரிதாகி, வாழ்நாளில் ஒருமுறைகூட அதை எழுதாத ஒரு தலைமுறை டாக்டர்கள் உருவானார்கள். ஆனால், அவர் சொல்லும் மூன்றுமே சரியல்ல.

டிரமடாலுக்கு ஒரு நாளைக்கு 400 மி.கி. என்ற உச்சவரம்பு இருக்கிறது. அதற்கும் வலி அடங்காவிட்டால் அடுத்த படி மார்ஃபின். உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வகுத்த படிவரிசையே இதுதான். எப்போது தொடங்குவது என்பதை வலியின் கடுமைதான் தீர்மானிக்க வேண்டும். எத்தனை நாள் மிச்சம் என்ற கணக்குக்கு அதில் இடமில்லை.

மூச்சு அடங்குமா? வாய்வழியாகக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் அந்த நிலை வருவது அரிது. அளவு மிஞ்சினால் முதலில் ஆழ்ந்த மயக்கம் காட்டிக்கொடுக்கும். கை கால் திடீர் திடீரென்று வெட்டி இழுக்கும். உடனே டாக்டரைக் கூப்பிடலாம். சிறுநீரகம் பழுதானவருக்குத்தான் மருந்து உடம்பில் தேங்கும். புராஸ்டேட் நோயில் சிறுநீர் அடைப்பு வரலாம் என்பதால் முதலில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கச் சொல்லுங்கள். பாதுகாப்பானது என்று நம்பிப் போடுகிற டைக்ளோஃபினாக்தான் 71 வயதில் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுக்கும் என்பதையும் அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். வலிக்காகச் சாப்பிடுபவர் போதைக்கு அடிமையாவதும் அரிது. திடீரென்று நிறுத்தக்கூடாது, அவ்வளவுதான்.

வழக்கமான முறை இது: டிரமடாலை நிறுத்திவிட்டு, முதியவருக்கு 10 மி.கி. மார்ஃபின் மாத்திரையில் பாதி, அதாவது 5 மி.கி., 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. காலை 6, 10, மதியம் 2, மாலை 6. இரவு 10 மணிக்கு மட்டும் இரட்டிப்பாகக் கொடுத்தால் நள்ளிரவு 2 மணிக்கு எழுப்ப வேண்டியதில்லை. வலி வரட்டும் என்று காத்திருந்து கொடுப்பதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. இடையில் வலி கிளம்பினால், ஒரு நாள் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கைக் கூடுதலாகக் கொடுக்கலாம். எத்தனை முறை கொடுத்தீர்கள் என்று நோட்டில் குறித்து வையுங்கள். அதைப் பார்த்துத்தான் டாக்டர் அளவைக் கூட்டுவார்.

குமட்டல், தூக்கக் கலக்கம் சில நாளில் அடங்கும். மலச்சிக்கல் அடங்காது. மார்ஃபின் தொடங்கும் இரவே மலமிளக்கியான பிஸாகோடில் 5 மி.கி. இரண்டு மாத்திரையும் தொடங்க வேண்டும். இதை எழுத மறந்ததால், வயிறு கல்லாகி, 'மார்ஃபின் ஒத்துக்கலை' என்று நல்ல மருந்தை நிறுத்திவிட்டவர்கள் எத்தனையோ பேர்!

ஓரிடத்து எலும்பு வலிக்கு ஒரே தடவை 8 கிரே அளவு கதிர்வீச்சு நல்ல பலன் தரும், கேட்டுப் பாருங்கள். கால் திடீரென்று துவண்டாலோ சிறுநீர் நின்றாலோ தண்டுவடம் நசுங்குவதாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: சிற்றூரில் கிளினிக் வைத்திருக்கும் எம்.பி.பி.எஸ். டாக்டர் நான். நான் மார்ஃபின் கொடுக்கச் சட்டம் இடம் தருமா? நோயாளி வீட்டிலேயே இறந்தால் சிக்கல் வருமா?
– வாசகர், தென்காசி மாவட்டம்

பதில்: போதைப்பொருள் சட்டத்தின் 2014 திருத்தத்துக்குப் பிறகு, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் மார்ஃபின் வைத்துக் கொடுக்கலாம், பயிற்சி பெற்ற டாக்டர் ஒருவர் அங்கே வேண்டும். நீங்களே இருப்பு வைக்க வேண்டிய அவசியமில்லை. அப்படிப்பட்ட நிறுவனத்தில் நோயாளியைப் பதிவு செய்துவிட்டு, வீட்டில் கவனிப்பதை நீங்கள் தொடருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஆதரவுச் சிகிச்சையும் (தீராத நோயில் வலியையும் அவதியையும் குறைக்கும் கவனிப்பு) உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் செவிலியர் வீட்டுக்கே வருவார்.

ஆதரவுச் சிகிச்சை புற்றுநோய்க்கு மட்டுமானதும் அல்ல. இதயச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, மறதி நோய் உள்ளவர்களுக்கும் தேவை. 'இவர் இன்னும் ஒரு வருடத்துக்குள் இறந்துபோனால் நான் ஆச்சரியப்படுவேனா?' என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். இல்லை என்று மனது சொன்னால் அன்றைக்கே ஆதரவுச் சிகிச்சையைத் தொடங்கலாம்.

நோயால் வீட்டில் நேரும் இயற்கை மரணத்துக்குப் போலீஸ் வேண்டியதில்லை. கடைசி நோயில் சிகிச்சை அளித்தவர் என்ற முறையில் இறப்புக் காரணச் சான்றான படிவம் 4ஏ-யில் காரணத்தை எழுதி இலவசமாகக் கொடுங்கள். குடும்பத்தார் 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும். காரணம் என்ற இடத்தில் 'இதயம் நின்றது' என்று எழுதாதீர்கள். எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோய் என்றால் அதையே எழுதுங்கள்.