முட்டையிலிருந்து வெளிவந்த கார்ன் பாம்புக் குட்டிகள் (வீட்டில் வளர்க்கிற, விஷமில்லாத பாம்பு) சாப்பிட மறுக்கின்றன. வாயைத் திறந்து ஊட்டலாமா?

ஊட்டாதீர்கள், இப்போதைக்கு. முட்டை பொரித்து எத்தனை நாள் ஆகிறது என்று நீங்கள் எழுதவில்லை. பத்து நாளுக்குள் என்றால் இது பிரச்சினையே இல்லை. முட்டையின் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் குட்டி வெளியே வருகிறது. ஒரு வாரம், பத்து நாளில் முதல் தோலை உரிக்கும். அதற்கு முன் எதைக் காட்டினாலும் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காது. தோல் கழன்று இரண்டு மூன்று நாள் போகட்டும், அப்புறம் முதல் சாப்பாடு.

நான் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம். அப்போது ரப்பர்த் தோட்டம், இப்போது செம்பனை. எலியைத் தேடிப் பாம்பு வாசல்வரை வருகிற ஊரில், காசு கொடுத்துப் பாம்பு வாங்கியவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. போன வருடம் என் கார்ன் பாம்பு 11 முட்டை இட்டு 9 பொரித்தன. தோல் உரித்த பிறகு ஆறு குட்டிகள், காட்டிய முதல் நாளே பிங்கியை, அதாவது கண் திறக்காத சுண்டெலிக் குஞ்சை, விழுங்கிவிட்டன. மூன்று மறுத்தன. அந்த மூன்றையும் கெடுத்தது நான்தான். தினமும் இடுக்கியில் பிங்கியைப் பிடித்து மூக்கருகே ஆட்டுவது, அரை மணிக்கொரு தடவை மூடியைத் திறப்பது. ஏழு கிராம் எடையுள்ள குட்டிக்கு என் கை ஒரு பருந்து. வாலை நடுக்கிக்கொண்டு கொத்தும். அது பசி இல்லை, பயம்.

பாட்டி வேறு. ராத்திரியில் பாம்பு என்று சொல்லவிடமாட்டார். “பூச்சிக்குப் பாலும் முட்டையும் வைடா, பாவம்” என்று இரண்டு நாள் பின்னாலேயே வந்தார். பால் பாம்புக்கு ஆகாது என்றால், “புற்றுக்கு ஊற்றுறோமே, அது?” என்றார். நான் பதில் சொல்லவில்லை.

கடைசியில் இரண்டைச் சாப்பிட வைத்தது ஒரு தாப்பாவ் டப்பா, அதாவது கடையில் சாப்பாடு கட்டித்தரும் பிளாஸ்டிக் டப்பா. மூடியில் ஊசித் துளைகள் போட்டு, கசக்கிய டிஷ்யூ போட்டு, குட்டியையும் சூடாக்கிய பிங்கியையும் சேர்த்து உள்ளே விட்டு, இருட்டிய பின் அலமாரியில் வைத்தேன். காலைவரை தொடவில்லை. உறைந்த பிங்கியை முந்தின இரவே ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உறை நீக்கிவிட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டி, கை பொறுக்கும் சுடுநீரில் போடுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், வெடித்துவிடும். அளவு குட்டியின் உடம்பில் மிகத் தடித்த இடத்தைத் தாண்டக்கூடாது.

மூன்றாவது ஒரு பிடிவாதக்காரி. பிங்கியைக் கழுவிக் கொடுத்தேன், தலையை ஊசியால் கீறி மணம் வரவைத்துக் கொடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாவது வாரம் உறைத்தது: இவற்றின் சொந்த ஊரான அமெரிக்காவில் குட்டிகள் பல்லியும் மரத்தவளையும் தின்றுதான் வளர்கின்றன. சமையலறை விளக்கடியில் சுவர்ப்பல்லி உதிர்த்துவிட்டுப் போன வாலை எடுத்துப் பிங்கியின் மேல் நன்றாகத் தேய்த்தேன். இந்தத் தடவை நாக்கு வேறு மாதிரி வந்தது, மெதுவாக, திரும்பத் திரும்ப அதே இடத்தில். அப்புறம் தலையைக் கவ்வி, ஒரு பக்கத் தாடை, மறு பக்கத் தாடை என்று மாற்றி மாற்றி நகர்த்தி, கடைசியில் பிங்கியின் வால் மட்டும் வாயோரத்தில் நூல் மாதிரி தொங்கியது. நான் மூச்சுவிடவில்லை. பல்லியையே தின்னக் கொடுத்துவிடாதீர்கள், வயிற்றுப் புழு வரும்.

சூடு விஷயத்தில், வெளிநாட்டுக்காரர்கள் சொல்லும் ஹீட் மேட்டை, அதாவது பெட்டிக்கு அடியில் வைக்கும் மின்சூட்டு விரிப்பை, யோசித்து வாங்குங்கள். 28, 29 டிகிரி போதும். நம் தகரக் கூரை வீட்டில் மதியம் அதைத் தாண்டிவிடும். பெட்டியைத் தரையோரம், நிழலில் வையுங்கள்.

சாப்பிட்ட குட்டியை இரண்டு நாள் கையில் எடுக்க வேண்டாம். கக்கிவிட்டால் பத்து நாள் சும்மா விட்டு, இன்னும் சின்னதாகக் கொடுங்கள். 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கி வாரம் ஒருமுறை எடை குறித்து வையுங்கள். எடை நிற்கிறது என்றால் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை மட்டும் முயற்சி செய்யுங்கள். இறங்கிக்கொண்டே போய் முதுகெலும்பு தெரிந்தால், பாம்பு பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் போங்கள். வாயைத் திறந்து ஊட்டுவதை அவர் செய்து காட்டட்டும். குட்டிகளை விற்கவோ கொடுக்கவோ நினைத்தால், உரிமம் தேவையா என்று முதலில் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானில் கேட்டுவிடுங்கள்.

பிங்கி டப்பா மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் அம்மா அதை நெத்திலி என்று நினைத்துத் திறந்துவிட்டார்.