கைமா பிரிவாத்: எண்ணெயில் ஏன் வாய் பிளக்கிறது?

கேள்வி: ஸ்பிரிங் ரோல் ஷீட்டில் கைமா வைத்து மொராக்கோ பிரிவாத் (சமோசா போல முக்கோணமாக மடித்துப் பொரிப்பது) செய்தேன். பாதி எண்ணெயிலேயே பிரிந்துவிட்டது. மீதி பத்து நிமிடத்தில் நமத்துப்போனது. எங்கே தவறு?

பதில்: ஷீட்டைக் குறை சொல்லாதீர்கள். பூரணத்தில் ஈரம் மிச்சமிருந்திருக்கிறது. எண்ணெய்ச் சூட்டில் அது ஆவியாகி மடிப்பைப் பிளக்கும். தப்பியவற்றை உள்ளிருந்தே ஊறவைக்கும். மொராக்கோவில் இதற்குப் பயன்படுத்தும் வர்க்கா இன்னும் மெல்லிசு. தளர்ந்த மாவைச் சூடான தட்டில் ஒற்றி ஒற்றி எடுக்கிற ஏடு அது, ஈரம் தாங்காது. அதனால்தான் அங்கே கைமாவைச் சுண்ட வதக்கி, கடைசியில் முட்டை ஊற்றிக் கிளறுகிறார்கள். மிச்சச் சாற்றை முட்டை பிடித்துக்கொள்ளும், உதிரிக் கறியையும் சேர்த்துக் கட்டும்.

அரை கிலோ கைமா எடுத்துக்கொள்ளுங்கள், ஆடோ மாடோ. 2 மேசைக்கரண்டி வெண்ணெயில் பொடியாக நறுக்கிய பெரிய வெங்காயம் ஒன்றை வதக்கி, கறியைப் போட்டுக் கட்டியில்லாமல் உடைத்துவிடுங்கள். பாப்ரிகா, சீரகத்தூள், உப்பு தலா 1 தேக்கரண்டி, பட்டைத்தூள், சுக்குத்தூள் தலா அரை, மிளகுத்தூள் கால். பழக்கத்தில் இஞ்சி பூண்டு விழுதுக்கும் கரம் மசாலாவுக்கும் கை போகும். போட்டால் நம்மூர் சமோசாதான் கிடைக்கும். இதில் காரம் பின்னால் நிற்க வேண்டும், பட்டை வாசம் முன்னால்.

தண்ணீரும் வேண்டாம், மூடியும் வேண்டாம். முதலில் கறி நீர் விட்டுக் கொதிக்கிற சத்தம் வரும். 12 முதல் 15 நிமிடத்தில் அது சடசடவென்று பொரிகிற சத்தமாக மாறும். கறியை ஒதுக்கிப் பாருங்கள்: சட்டி அடியில் கொழுப்பு மட்டும் மினுங்கினால் சரி. நறுக்கிய கொத்தமல்லியும் பார்ஸ்லியுமாக அரை கப் சேர்த்து, 2 முட்டையை அடித்து ஊற்றி, கெட்டிப்படும்வரை கிளறுங்கள். தட்டில் பரப்பி முழுக்க ஆறவிடுங்கள். வெதுவெதுப்பாக வைத்தால்கூட ஷீட் இளகும்.

25 செ.மீ. ஷீட்டை நான்கு பட்டைகளாக வெட்டி, பிழிந்த ஈரத்துணியால் மூடி வையுங்கள். பட்டையின் ஒரு முனையில் ஒரு மேசைக்கரண்டி பூரணம் வைத்து முக்கோணமாக மடித்துக்கொண்டே போங்கள். முதல் மடிப்பு இறுக்கமாக இருக்கட்டும். கூர்முனையில் ஊசித்துளை விட்டாலும் எண்ணெய் புகும். நுனியை மஞ்சள்கருவாலோ மைதாப் பசையாலோ ஒட்டுங்கள். சுமார் 35 வரும்.

எண்ணெய் 170 முதல் 175 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லையென்றால் ஷீட்டில் ஒரு துண்டு கிள்ளிப் போடுங்கள். உடனே மேலே வந்து நுரைத்தால் போதும். நாலைந்தாகப் போட்டு, 3 அல்லது 4 நிமிடத்தில் பொன்னிறமாக எடுங்கள். எடுத்ததைக் காகிதத்தில் குவித்தால் அடியில் ஆவி தேங்கி நமத்துவிடும். கம்பித்தட்டில் தனித்தனியாக வையுங்கள்.

ஓவனில் வைப்பதானால் ஃபிலோ ஷீட் வாங்குங்கள். வெண்ணெய் தடவி 180 டிகிரியில் சுமார் 20 நிமிடம். ஸ்பிரிங் ரோல் ஷீட் ஓவனில் விறைத்துப்போகும்.

ரமலானில் ஹரீரா சூப்போடு வைக்க இதை முன்கூட்டியே மடித்து ஃப்ரீசரில் சேமிப்பது அங்கே வழக்கம். நீங்களும் செய்யலாம். முதலில் தட்டில் ஒட்டாமல் பரப்பி உறையவிட்டு, பிறகு டப்பாவுக்கு மாற்றுங்கள். பொரிக்கும்போது உறைகுளிர் போக வெளியே வைக்காதீர்கள், வியர்த்து ஒட்டிக்கொள்ளும். நேரே எண்ணெயில் போட்டு, தீயைச் சற்றுக் குறைத்து, ஒரு நிமிடம் கூடுதலாக விடுங்கள்.