ரெசின் நிஜமாக எவ்வளவு சூடு தாங்கும்? கேள்வி பதில்

ஃபைபர் கலவைப் பொருட்களில் பயன்படும், சூடு தாங்கும் தெர்மோசெட் (ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாத) ரெசின்கள் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் இவை. வெப்பநிலை எல்லாமே செல்சியஸ் கணக்கு. ‘டிஜி’ என்பது, இறுகிய ரெசின் கண்ணாடி போன்ற விறைப்பை இழந்து ரப்பர் போல இளகத் தொடங்கும் வெப்பநிலை.

கேள்வி: சார், என் எபாக்சியின் டேட்டா ஷீட்டில் டிஜி 120 டிகிரி என்று இருக்கிறது. அறை வெப்பநிலையில் ஏழு நாள் இறுகவிட்ட கார்பன் ஃபைபர் மூடி 70 டிகிரியிலேயே வளைகிறது. ரெசின் போலியா?

ரெசின் சரியானதுதான், வேலைதான் பாதியில் நிற்கிறது. ரெசின் இறுக இறுக அதன் டிஜி ஏறிக்கொண்டே போகும். அது சுற்றுப்புற வெப்பத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் மூலக்கூறுகள் அசைய இடமில்லாமல் உறைந்துவிடும், வினையும் கிட்டத்தட்ட நின்றுவிடும். 25 டிகிரியில் இறுகிய எபாக்சிக்கு 50, 60 டிகிரி டிஜிதான் கிடைக்கும். ஏழு நாளை எழுபது நாளாக்கினாலும் பெரிய மாற்றம் இருக்காது. அந்த 120, போஸ்ட் க்யூர் (இறுகிய பொருளைத் திரும்பச் சூடேற்றி முழுவதும் இறுக்குவது) செய்த பிறகு வரும் எண். டேட்டா ஷீட்டின் அடியில் பொடி எழுத்தில் அதைச் சொல்லியிருப்பார்கள்.

மூடியைத் திரும்ப மோல்டில் பொருத்தி, கிளாம்ப் போட்டு ஓவனில் வையுங்கள். 40 டிகிரியில் தொடங்கி நிமிடத்துக்கு 0.3 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். 60, 80, 100 டிகிரிகளில் இரண்டிரண்டு மணி நேரமும், 120இல் நான்கு மணி நேரமும் நிறுத்துங்கள். ஓவன் சூடு எப்போதும் அந்த நேரத்து டிஜிக்குப் பின்னாலேயே வர வேண்டும், முந்தினால் பொருள் தொய்ந்துவிடும். வளைந்த மூடியை அப்படியே ஓவனில் வைத்தால் அந்த வளைவே நிலைத்துவிடும்.

கேள்வி: ஹார்டனரை (ரெசினோடு கலந்து அதை இறுகவைக்கும் திரவத்தை) கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்தால் இன்னும் சூடு தாங்குமா?

தாங்காது, டிஜி இறங்கும். எபாக்சியில் ஜோடி கிடைக்காத ஹார்டனரின் அமைன் முனைகள் மூலக்கூறு வலையில் தொங்கிக்கொண்டு அதை நெகிழவைக்கும். கணக்கு எளிது: ஹார்டனரின் அமைன் ஹைட்ரஜன் சமான எடையை 100ஆல் பெருக்கி, ரெசினின் எபாக்சி சமான எடையால் வகுக்க வேண்டும். சாதாரண பிஸ்பீனால்-ஏ எபாக்சிக்கு 188, ட்ரைஎத்திலீன் டெட்ராமைனுக்கு 24.4 என்றால், நூறு பங்கு ரெசினுக்கு 13 பங்கு. 50 கிராம் ரெசினுக்கு 6.5 கிராம்தான் வேண்டும். ஒரு கிராம் துல்லியமுள்ள தராசில் அரை கிராம் தவறினாலே 8 சதவீதம் பிசகிவிடும். 0.1 கிராம் காட்டும் தராசு இல்லாமல் சிறிய அளவு கலக்கவே வேண்டாம்.

கேள்வி: டிஜி 180 உள்ள ரெசின் என்றால் 170இல் தாராளமாக ஓட்டலாம் அல்லவா?

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். முதலில், அது எந்த 180 என்று கேளுங்கள். டிஎம்ஏ சோதனையில் (துண்டை அதிரவைத்தபடி சூடேற்றி விறைப்பை அளப்பது) ஒரே மாதிரித் துண்டுக்கு இரண்டு எண் வரும். விறைப்பு சரியத் தொடங்கும் புள்ளி ஒன்று, டான் டெல்டா (அதிர்வு ஆற்றல் வீணாகும் அளவு) உச்சம் மற்றொன்று. உச்சம் பெரும்பாலும் 15 முதல் 25 டிகிரி கூடுதலாக இருக்கும். பெரிய எண்ணை விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்வது வழக்கம். உங்கள் வடிவமைப்புக்கு வேண்டியது விறைப்பு சரியும் புள்ளிதான். அது 160 என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்தது ஈரம். எபாக்சி காற்றிலிருந்தே நீரை உறிஞ்சும், அந்த நீர் வலையை இளக்கும். இதில் 35 டிகிரி போனால் மிச்சம் 125. விமானத் துறையில் ஈர டிஜிக்கும் 28 டிகிரி கீழேதான் பயன்பாட்டு வரம்பை வைப்பது வழக்கம். ஆக, உங்கள் 180 கடைசியில் 97இல் வந்து நிற்கிறது! 170இல் ஓட்ட வேண்டுமானால் வேறு குடும்பத்து ரெசினைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: எபாக்சிக்கு மேலே என்னென்ன இருக்கின்றன? எதை எடுப்பது?

முதலில் பிஸ்மலீமைடு, சுருக்கமாக பிஎம்ஐ. 180 டிகிரி வாக்கில் இறுக்கி, 227இல் ஆறு மணி நேரம் போஸ்ட் க்யூர் செய்வது பரவலான முறை. வினையில் ஆவி எதுவும் வெளிவராது என்பதால் எபாக்சிக்குப் பழகிய கைகளுக்கு அதிகம் சிரமம் தராது. 200ஐ ஒட்டிய வேலை என்றால் என் ஓட்டு இதற்குத்தான். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு படிக்கும் ஓவன், மோல்டு, வேக்கும் பை (காற்றை உறிஞ்சி அடுக்குகளை அமுக்கும் உறை) என்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும்.

சயனேட் எஸ்டர் மின்காப்புக்குப் பேர்போனது, ரேடார் மூடிகளுக்கு ஏற்றது. பென்சாக்சசின் இறுகும்போது ஏறக்குறைய சுருங்கவே சுருங்காது. ஃபீனாலிக் தீக்கும் புகைக்கும் சிறந்தது, ஆனால் சூட்டில் பளு தாங்கவும் இதுவே போதும் என்று எண்ணிவிடாதீர்கள்.

300 டிகிரியை நெருங்கினால் பாலிஇமைடு. நாசாவின் லூயிஸ் ஆய்வு மையத்தில் 1970களில் உருவான பிஎம்ஆர்-15 இதில் பழைய புள்ளி. பெயரிலுள்ள 15, மூலக்கூறு எடை 1500 என்பதன் சுருக்கம். மெத்தனாலில் கரைத்த மூன்று மோனோமர்களை ஃபைபரில் ஏற்றி, 200 டிகிரி வாக்கில் மெத்தனாலையும் நீரையும் முழுவதும் வெளியேற்றி, பிறகு அழுத்தத்தில் 315 டிகிரியில் இறுக்க வேண்டும். ஆவி போவதற்கு முன்பே அழுத்தினால் உள்ளே அடைபட்டுக் குமிழாகும். பிசின் இறுகத் தொடங்கிய பிறகு அழுத்தினால் அடுக்குகள் ஒட்டாது. அதிலுள்ள மெத்திலீன் டைஅனிலின் கல்லீரலைக் கெடுக்கும், தோல் வழியாகவும் உடலில் ஏறும். கையுறையும் காற்றோட்டமும் இல்லாத இடத்தில் பிரீப்ரெக்கை (ரெசின் ஏற்றிய, இன்னும் இறுகாத ஃபைபர் துணியை) தொடக்கூடாது.

அதற்கும் மேலே, அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் வளர்ந்த தாலோநைட்ரைல். 375 டிகிரிக்குப் போஸ்ட் க்யூர் செய்தால் டிஜி 400ஐத் தாண்டும்.

கேள்வி: சயனேட் எஸ்டர் பலகையில் கொப்புளம் கொப்புளமாக வருகிறது. வேக்கும் சரியாகத்தான் இருந்தது.

நீர்தான் காரணம். சயனேட் தொகுதி நீரோடு சேர்ந்தால் கார்பமேட் ஆகும். சூடு ஏறும்போது அது உடைந்து கார்பன் டைஆக்சைடு வெளிவரும். அடுக்குகளுக்கு உள்ளேயே பிறக்கும் வாயு என்பதால் வேக்கும் பையால் அதை முழுவதும் இழுக்க முடியாது. துணியையும் தேன்கூட்டு நடுப்பலகையையும் அடுக்குவதற்கு முன் 120 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்துங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த பிரீப்ரெக் உறையை, அறை வெப்பத்துக்கு வரும் வரை பிரிக்காதீர்கள். அவசரப்பட்டுப் பிரித்தால் குளிர்ந்த சுருளின்மேல் பனித்துளி படியும். கொப்புளம் பெரும்பாலும் அங்கிருந்தே ஆரம்பிக்கிறது.

தடிமனான பலகை என்றால் சூட்டை இன்னும் மெதுவாக ஏற்றுங்கள். இந்த வினை வெளிவிடும் வெப்பம் அதிகம், கட்டுப்பாடு தவறினால் நடுப்பகுதி கருகிவிடும்.

கேள்வி: ஃபீனாலிக்கிலும் எனக்கு இதே குமிழ்ப் பிரச்சினை. அதையும் உலர்த்தினால் போதுமா?

போதாது. ஃபீனாலிக் இறுகும்போது தானே நீரை உண்டாக்கும். ஹாட் பிரஸ்ஸில் வைத்து, இறுகத் தொடங்கும் கட்டத்தில் சில முறை பிரஸ்ஸைச் சற்றே திறந்து மூடி ஆவியை விடுங்கள்.

கேள்வி: பிஎம்ஐக்கு என் அலுமினிய மோல்டே போதுமா?

20 டிகிரியிலிருந்து 227க்குப் போகும்போது ஒரு மீட்டர் அலுமினியம் சுமார் 4.8 மில்லிமீட்டர் நீளும். கார்பன் பலகை அதில் சிறு பங்குதான் நீளும். குளிரும்போது மோல்டு சுருங்கி, உள்வளைவுள்ள பொருளைக் கவ்விப் பிடிக்கும், மூலைகளின் கோணமும் மாறும். சிறிய, தட்டையான பொருளுக்கு அலுமினியம் போதும். பெரியதற்கு இன்வார் (சூட்டில் மிகக் குறைவாகவே நீளும் இரும்பு-நிக்கல் கலவை) நல்லது, எஃகு நடுத்தரம். இன்னொரு வழி, 180இல் மோல்டிலேயே இறுக்கி, வெளியே எடுத்துத் தாங்கிமேல் வைத்து 227க்குக் கொண்டுபோவது. அந்தக் கட்டத்தில் பையும் வேண்டாம், இதுவும் லாபம்தான். சாதாரண நைலான் பை 200 டிகிரி வாக்கிலேயே கைவிட்டுவிடும்.

கேள்வி: கார்பன்-பிஎம்ஐ பலகையை அலுமினியச் சட்டத்தில் நேராக போல்ட் போடலாமா?

கூடாது. ஈரம் படும் இடத்தில் கார்பனும் அலுமினியமும் மின்கலம் போலாகும். அலுமினியம் அரிக்கும், கார்பன் பக்கம் உண்டாகும் காரம் பிஎம்ஐ மூலக்கூறிலுள்ள இமைடு வளையத்தை உடைக்கும். இடையில் ஒரு அடுக்கு கிளாஸ் ஃபைபர் வையுங்கள், டைட்டானியம் போல்ட் போடுங்கள், விளிம்பை சீலன்ட் பூசி மூடுங்கள்.

கேள்வி: 250 டிகிரியில் நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடிய துண்டின் டிஜி குறையவில்லை. அப்படியே தொடரலாமா?

டிஜியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்தச் சூட்டில் ஆக்சிஜன் மேற்பரப்பை மெல்ல அரிக்கும், நடுப்பகுதி நன்றாகவே இருக்கும். துண்டை எடைபோட்டு முதல் எடையோடு ஒப்பிடுங்கள். பிறகு வெட்டிய விளிம்பை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். ஃபைபர் முனைகள் வெளியே தெரியும் அந்த முகத்தில்தான் ஆக்சிஜன் வேகமாக உள்ளே போகும், விரிசலும் முதலில் அங்கேதான் தெரியும்.